எலும்பின் பொறுமை

கிரீன்லாந்தின் பழைய இடுகாட்டு எலும்புத் துணுக்கொன்றை நீர்த்த அமிலத்தில் இட்டுக் குளிரிலே நாட்கணக்காகக் காத்திருந்தால், நுண்ணிய குமிழிகள் எழுந்தெழுந்து ஓய, சுண்ணமெல்லாம் கரைந்த பின்னும் உருவம் சிறிதும் மாறாமல், விரலுக்கு வளைந்து கொடுக்கும் மென்பொருளாக அது எஞ்சி நிற்கும் காட்சி என் மனத்துக்கு மிகவும் உகந்தது. அதை இளஞ்சூட்டில் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் பஞ்சைப் போல இலேசான வெண்ணிறக் கொலாஜன் கிட்டுகிறது. அவசரக்காரருக்கு அது வசப்படுவதில்லை.

அந்தப் பஞ்சில் கனமான நைட்ரஜன் அணுக்கள் மிகுந்திருப்பின், அம்மனிதர் கடல்நாயின் ஊனை விரும்பி உண்டவர் என்று ஊகிக்கலாம். பால்யத்தில் பருகிய நீரின் சுவடோ, பிற்காலத்தில் எவ்வளவு தூரம் யாத்திரை போனாலும், பல்லின் எனாமலில் அழியாது தங்குகிறது. கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் மக்கள், சுமார் 500 ஆண்டுகளில், கால்நடைகள் தந்த உணவைக் குறைத்து மெல்ல மெல்லக் கடலை நாடியதை அவர்களுடைய எலும்புகளே காட்டுகின்றன.