தியாகமும் மறுப்பும்: 'சொல்லாத சேதிகள்' தொகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து இலக்கியத்தில் தன்னை மறந்து பிறர்க்குழைக்கும் பெண் பாத்திரம் நெடுங்காலமாக நன்மதிப்புப் பெற்று வந்துள்ளது. தாய், தமக்கை, மனைவி என உறவுப்பெயர் மாறினும் அதன் அடிப்படைப் பண்பு மாறுவதில்லை. மரபுவழித் திறனாய்வு இதனைத் தனிமனித ஒழுக்கமாகக் கொண்டு போற்றிற்று. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. மறுப்பதற்கு வழியில்லாத ஒருத்தி கொடுப்பதைத் தியாகம் எனலாமா?

மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914 இல் வெளிவந்தது. கணவனின் கொடுமையைப் பொறுமையோடு தாங்கும் கண்மணி அதன் தலைவி. வீட்டினுள் நிகழும் கொடுமையை ஒரு பெண்ணே நாவலின் பொருளாக்கியமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. ஆயினும் கிறித்தவ அறநோக்கு அப்பொறுமைக்குப் புனிதத்தன்மை அளித்துவிடுகின்றது. இங்கு அக்காலச் சொத்துறவையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச்சட்டம், தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பொதுவிதியாக வேண்டிற்று. சீதனக் காணி அவளுடையது. அதனைப் பற்றிய முடிவு அவளுடையதன்று. வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்தால் வழக்காடும் சமூகம், அவ்வேலிக்குள் வாழ்பவளின் உழைப்புக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டென எண்ணவில்லை. இத்தகைய நிலையில் பொறுமை ஒரு குணம் மட்டுமன்று. எஞ்சியிருந்த ஒரே வழியுமாகும்.

முற்போக்கு இலக்கியம் இவ்வினாவை வேறொரு தளத்திற் சரியாகவே எதிர்கொண்டது. உயர்சாதியினருக்குச் செய்யப்பட்ட குடிமைத் தொழிலை, அதனை வாங்கியவர்கள் 'வழமை' என்றும் 'கடமை' என்றும் அழைத்தனர். டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற ஆக்கங்கள் அக்கடமையைச் சுரண்டல் என இனங்காட்டின. 1966 ஒக்ரோபர் எழுச்சியும் 1968 இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டமும் இனிப் பணிய முடியாது என்ற கூட்டு மறுப்பின் வெளிப்பாடுகளே. ஆனால் சாதியமைப்பின் 'கடமை'யைக் கட்டவிழ்த்த திறனாய்வு, அடுப்படியின் 'கடமை'யைப் பெரும்பாலும் தாய்மையின் மகத்துவமாகவே வாசித்தது. வர்க்க விடுதலை வந்தபின் பெண் விடுதலை தானே வரும் என்ற வாதமும் பெண்ணிடம் மேலுமொரு காத்திருப்பையே கேட்டது. குடும்பத்தையும் தனிச்சொத்தையும் ஒருங்கிணைத்து ஏங்கெல்ஸ் 1884 இலேயே ஆராய்ந்திருந்தார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சித்திரலேகா மௌனகுருவின் முன்முயற்சியில், யாழ்ப்பாணம் பெண்கள் ஆய்வு வட்டம் 1986 இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண் கவிஞரை ஒருசேர முன்வைத்தது. அதிலுள்ள அ. சங்கரியின் 'அவர்கள் பார்வையில்' என்ற கவிதை தனித்து நோக்கத்தக்கது. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, பணிவு எனப் பெண்ணின் கடமைகளை அது வரிசைப்படுத்துகின்றது. புலம்பலுக்கு அங்கு இடமில்லை. வீட்டுக் கணக்கு எழுதுவது போன்ற வறண்ட தொனியே உண்டு. அதன் ஆற்றலும் இதிலேயே தங்கியுள்ளது. இயல்பு எனக் கருதப்பட்டவை பட்டியலிடப்பட்டதும், இவற்றை விதித்தவர் யார் என்ற வினா தவிர்க்க முடியாததாகின்றது. பழகிப்போன தன்மறுப்பு குணமாகத் தோன்றும்வரை, அதனைக் கைவிட நினைப்பவளைக் குற்றவுணர்வே தடுத்து நிறுத்தும். அது விதிக்கப்பட்ட வேலையாகத் தெரியும்போதுதான் மறுப்புச் சாத்தியமாகும்.

இம்மறுப்பைப் பூர்ஷ்வா தனிமனிதவாதம் எனக் கூறுவோர் உளர். தேசம் நெருக்கடியில் இருக்கையில் சொந்த எல்லைகளைப் பேசுவது தன்னலம் என்ற குரலும் எழுந்தது. 1984 இல் இளைஞர் கைதுகளுக்கெதிராக யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தபோது, தாய்மை கேள்வி கேட்கும் அரசியலாயிற்று. மறுபுறம், போரிலக்கியம் புறநானூற்று வீரத்தாயை மீட்டெடுத்து, மகனைக் கையளிப்பதையே தாயின் உச்சப் பெருமையாக்கிற்று. முதலாவதில் தாய் கோருகின்றாள். இரண்டாவதில் அவளிடம் கோரப்படுகின்றது. தியாகத்தை மதிப்பிடும் அளவுகோல் இவ்வேறுபாட்டில் உள்ளது. 'முடியாது' என்று சொல்லும் உரிமை உடையவள் மனமுவந்து கொடுப்பதே ஈகை. அவ்வுரிமை இல்லாதவளிடமிருந்து பெறப்படுவது ஊதியமற்ற உழைப்பு.

இத்தொகுதிக்கும் வரையறை உண்டு. இதில் ஒலிப்பது பெரும்பாலும் கல்வி கற்ற மத்தியதர வர்க்கக் குரல். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களை பிடுங்கி, மாலையில் வீட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு எல்லை வகுத்தல் என்பது மனத்திட்பத்தால் மட்டும் நிறைவேறுவதன்று. கூலி, வேலை நேரம், காணி மீதான அதிகாரம், வீட்டு வேலையிற் பங்கு ஆகியவற்றோடு அது பிணைந்துள்ளது. எனினும் குடிமையை மறுத்தவர்களும் முதலில் அது தம் பிறவிக் கடமை என்ற எண்ணத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அப்படியைப் பெண்ணின் வாழ்வில் எடுத்துவைத்தமையே இக்கவிதைகளின் சாதனை. இனியேனும் ஒரு கதையில் 'தியாகி'யான தாயைக் காணுமிடத்து, அவள் மறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என வினவுதல் நம் திறனாய்வின் கடமையாகும்.