ஆன்மாவிலுமா ஆண், பெண்?

1978-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷெவிஸ் சிங்கர் இத்திஷ் மொழியில் தீட்டிய சிறுகதை, யெண்டல் என்னும் யூத நங்கையின் கதை. ஆணுக்கு ஏடு, பெண்ணுக்கு அடுக்களை என்பது அவள் பிறந்த போலந்து நாட்டுச் சிற்றூரின் வழக்கம். மகளின் கல்வி வேட்கையைக் கண்ட தந்தை, கதவைத் தாழிட்டுத் திரையிட்டு மறைநூல் கற்பிக்கிறார். அவர் மறைந்ததும், ஆணுடை பூண்டு 'யெஷிவா' எனும் மறைக்கல்லூரி புகுகிறாள் அவள்.

உருக்கமான கதைதான், ஐயமில்லை. ஆனால், அறிவுமிக்க மகளைத் தந்தை எவ்வாறு பாராட்டுகிறார்? உனக்கு வாய்த்தது ஆணின் ஆன்மா என்கிறார்! பெண்ணிடம் அறிவு சுடர்விட்டால் அதுவும் ஆணின் உடைமைதானா? தாழிட்ட கதவினும் கொடிது அந்தப் பாராட்டு. ஆசிரியரோ அதை மறுக்கவில்லை. அவள் தோற்றத்திலும் ஆண்சாயலைப் பூசிவிடுகிறார்.

வரலாறு வேறு விடை தந்தது. பெர்லினில் பிறந்த ரெஜினா ஜோனாஸ் வேடம் பூணவில்லை. ஆடவர் ஓதிய அதே நூல்களை ஆய்ந்து, பெண் 'ரபி' ஆகலாம் என 1930-இல் ஆய்வுரை தீட்டினார், 1935-இல் ரபியானார். 1944-இல் ஆஸ்விட்ஸ் கொலைக்களம் அவரைப் பலிகொண்டது. அவர் வாதத்தை வீழ்த்த அதனால் இயலவில்லை. 1972-இல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் ரபியானார். எனினும் வைதிக யூதருள் பெரும்பாலோர் பெண்ணுக்கு அப்பட்டத்தை இன்றும் மறுக்கின்றனர்.

யெண்டலின் கதையைப் படியுங்கள், தோழர்களே! தந்தையின் பாராட்டை மட்டும் ஏற்காதீர்கள்.