கல்கி செய்த ‘டிக்ளேர்’

2004 மார்ச் 29, முல்தான் டெஸ்டின் இரண்டாம் நாள். சச்சின் டெண்டுல்கர் 194 ரன்னில் நிற்கிறார். யுவராஜ் சிங் ஆட்டமிழந்ததும் பொறுப்பு கேப்டன் ராகுல் திராவிட் இன்னிங்ஸை முடித்துக்கொள்வதாக அறிவிக்கிறார். 5 விக்கெட்டுக்கு 675, டிக்ளேர். இரட்டைச் சதத்துக்கு இன்னும் 6 ரன் எடுக்க விட்டிருக்கக் கூடாதா என்று அன்று கிளம்பிய பேச்சு இன்றும் ஓயவில்லை. அந்த டெஸ்டை இந்தியா ஒரு இன்னிங்ஸ், 52 ரன் வித்தியாசத்தில் வென்றது. பாகிஸ்தான் மண்ணில் நமக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது. வெற்றியை ஏற்றுக்கொண்டவர்களும் அந்த டிக்ளேரை இன்னும் மன்னிக்கவில்லை.

இதே வாக்குவாதம் அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் ஒரு நாவலைப் பற்றி நடந்தது. 1950 அக்டோபர் கடைசியில் ‘கல்கி’ இதழில் எழுத்தாளர் கல்கி தொடங்கிய சோழர் கால நாவல் ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் படித்தவர்களில் ஒரு பகுதியினர் பூரித்தார்கள். இன்னொரு பகுதியினர் கோபித்துக்கொண்டார்கள். கதாநாயகன் வந்தியத்தேவனுக்கும் சோழ இளவரசி குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா இல்லையா? வானதி என்ன ஆனாள்? நந்தினி எங்கே போனாள்? பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஏன் பளிச்சென்று சொல்லவில்லை? கேள்விகள் குவிந்ததால் நாவலாசிரியரே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரம் பாத்திரமாகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழில் வேறு எந்தத் தொடர்கதைக்கும் இப்படி ஒரு கணக்கு ஒப்படைப்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

வழக்கமாக இந்தப் பத்தியில் மைதானத்து ஆட்டத்தைத்தான் அலசுகிறோம். இந்த வாரம் கல்கியின் அந்தக் கடைசி நீண்ட இன்னிங்ஸை எடுத்துக்கொள்கிறேன். அவர் முடித்த இடம் சரியா, தவறா?

முதலில் கணக்கு. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். ‘புது வெள்ளம்’ 57, ‘சுழற்காற்று’ 53, ‘கொலை வாள்’ 46, ‘மணிமகுடம்’ 46, ‘தியாகச் சிகரம்’ 91. கடைசியில் அவசரப்பட்டுவிட்டார் என்பதுதான் அன்று முதல் இன்று வரை சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு. எண்ணைப் பார்த்தால் அது நிற்காது. ஐந்தாம் பாகம் மூன்றாவதையும் நான்காவதையும் போல இரண்டு மடங்கு. மொத்த நாவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இடம் போதாமல் முடித்தவர் அல்ல கல்கி.

ஆனாலும் வாசகர்களுக்கு ‘சட்டென்று முடிந்துவிட்டதே’ என்று தோன்றியதும் உண்மை. அந்த 91 அத்தியாயங்களில் எதற்கு எவ்வளவு இடம் போயிற்று என்று பார்த்தால் காரணம் புரியும். நாகப்பட்டினத்தில் கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. கரிகாலன் கொலையின் பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. பாதாளச் சிறை, அங்கிருந்து தப்புதல், சுந்தர சோழரின் அரண்மனையில் ஊமை ராணி மந்தாகினியின் முடிவு, பெரிய பழுவேட்டரையரின் மரணம், பட்டம் யாருக்கு என்று சிற்றரசர்களுக்குள் நடக்கும் இழுபறி. இத்தனையும் விரிவாக, நின்று நிதானமாக வருகின்றன. குறைவான பந்துகள் கிடைத்தது காதலுக்குத்தான். முதல் பாகத்தில் குடந்தை சோதிடர் வீட்டில் வந்தியத்தேவன் குந்தவையைப் பார்த்த நாளிலிருந்து வாசகர் எதிர்பார்த்துக் காத்திருந்த கல்யாணம் கதைக்குள் நடக்கவே இல்லை. அது முடிவுரையில்தான் தகவலாக வருகிறது.

அந்த ஏமாற்றத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வாரப் பத்திரிகைத் தொடரின் வாசகர் இன்றைய நாவல் வாசகர் மாதிரி அல்ல. பக்கங்களைக் கத்தரித்து, வரிசைப்படுத்தி, நூல் கோத்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்தவர்கள் அவர்கள். அந்தப் பழைய பைண்டு ஒன்றைப் புரட்டினால் மணியம் வரைந்த குந்தவையின் கொண்டை ஒரு பக்கம், அதன் முதுகில் ஏதோ தைல விளம்பரத்தின் பாதி. ஓரங்களில் முந்தைய தலைமுறையின் பென்சில் கோடுகள். ஒரு வீட்டில் நாலு பேர் முறை வைத்துப் படித்த கதை. ‘எங்கள் பிள்ளைக்கு எப்போது கல்யாணம்’ என்று அவர்கள் கேட்டதில் உரிமை இருந்தது.

ஆனால் ஆட்டத்தை அலசுகிறவன் ரசிகரின் ஆசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த இன்னிங்ஸ் எதற்காக ஆடப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

கல்கி எடுத்துக்கொண்ட வரலாற்று நிகழ்வு ஒன்றுதான். மக்கள் சுந்தர சோழரின் இளைய மகன் அருண்மொழியை அரசனாக்க விரும்பியும், தன் சிற்றப்பனுக்கு அரசாள ஆசை இருக்கும்வரை தனக்கு முடி வேண்டாம் என்று அவர் ஒதுங்கினார் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதன்பின் அந்தச் சிற்றப்பன் உத்தம சோழர் ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆண்டார். அருண்மொழி 985-இல்தான் ராஜராஜனாகப் பட்டத்துக்கு வந்தார். உலக அரசர்களின் கதையில் அரிதான ஒரு செயல் இது. போரில் வென்று முடியைப் பிடித்தவர்கள் ஏராளம். கைக்கு வந்த முடியை இன்னொருவர் தலையில் வைத்தவர்கள் சிலர்தான். ஐந்து பாகங்களும் அந்த ஒரு நொடிக்காகவே கட்டப்பட்டவை. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன், கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதி, ஈழத்துக் காடு, நடுக்கடலில் எரியும் கப்பல் எல்லாமே ‘சோழ மணிமகுடம் யாருக்கு’ என்ற கேள்வியைச் சூடேற்றிக்கொண்டே போகின்றன. அருண்மொழி அந்த மகுடத்தை, உத்தம சோழராகப் போகும் மதுராந்தகருக்குச் சூட்டியதும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. ஆட்டம் அங்கே ஜெயிக்கப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகும் ஆட வேண்டும் என்றால் எங்கே போவது? வரலாற்றில் அடுத்த மேடு 985. நடுவில் பதினைந்து ஆண்டு. ஒன்று, கதை அந்தப் பதினைந்து ஆண்டைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இல்லையென்றால் கல்யாணம், சீர்வரிசை, குழந்தைப்பேறு என்று ஊர்ந்து போக வேண்டும். சமூக நாவலில் கதாநாயகியின் கழுத்தில் தாலி ஏறியதும் திரை விழலாம். சரித்திர மாந்தருக்கு வாழ்க்கை அதன்பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிகரத்தைத் தொட்ட இடத்தில் நிறுத்துவதுதான் ஒரே நாணயமான வழி. கல்கி அதைத்தான் செய்தார்.

இரண்டாவது பெரிய சர்ச்சை சேந்தன் அமுதன். பூமாலை தொடுத்துக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு திரிந்த பிள்ளைதான் உத்தம சோழரின் தாய் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். இத்தனை நாள் மதுராந்தகன் என்று வளர்ந்தவன் வேறொருவன் என்று கல்கி திருப்பியபோது பலர் அதை நம்ப மறுத்தார்கள். வரலாற்றில் இல்லாத ஆள்மாற்றம் என்பதில் சந்தேகமே இல்லை. அதையும் நான் ஆட்டக் கணக்கில்தான் பார்க்கிறேன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானோரின் சொத்துகள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. இடையில் ஆண்ட உத்தம சோழர் காலத்தில் ஏன் நடவடிக்கை இல்லை? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழரைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கிக்கு முன் இருந்த ஆடுகளம் இப்படித் திரும்புகிற களம்.

சந்தேகத்துக்குரிய, முடியாசை பிடித்த ஒருவனுக்கு அருண்மொழி மகுடத்தைக் கொடுத்தால் அது தியாகம் ஆகாது, ஏமாளித்தனம் ஆகிவிடும். சதிகாரர்களோடு ஒட்டிய இளவரசனை வேறொருவனாக்கி விலக்கிவிட்டு, முடி சூடுகிறவனைக் களங்கமில்லாதவனாக்கினார் கல்கி. சாஸ்திரியாரின் சந்தேகத்துக்கும் கதையில் இடம் கிடைத்தது. செம்பியன் மாதேவியின் மகனுக்கும் பழி வரவில்லை. தமிழ்ச் சரித்திர நாவல்களில் இதைவிட நுட்பமான காய் நகர்த்தலை நான் பார்த்ததில்லை. குறை ஒன்று உண்டு. அமுதன் அரசனாகிற அளவுக்கு வளர அவனுக்குப் போதிய காட்சிகள் இல்லை. படகோட்டிப் பெண் பூங்குழலிதான் அவனைத் தூக்கி நிறுத்துகிறாள். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த முடிசூட்டு விழா பலவீனமாகத்தான் இருந்திருக்கும்.

மணிரத்னத்தின் படத்தில் இந்த ஆள்மாற்றமே இல்லை. 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மதுராந்தகனே முடிசூடுகிறான். திரையரங்கை விட்டு வந்தவர்கள் மறுபடி இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். 1954-இல் ‘ஏன் மாற்றினார்’ என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ‘ஏன் மாற்றத்தை எடுத்துவிட்டார்கள்’ என்று கேட்டார்கள்.

நந்தினி விஷயத்தில் நான் கோபக்கார வாசகர்கள் பக்கம். கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மூடி வைத்ததற்கு நியாயம் இருக்கிறது. வரலாறே அங்கே வாய் திறக்கவில்லை. வந்தியத்தேவனை விரும்பிய மணிமேகலை தான்தான் கொன்றேன் என்கிறாள், பெரிய பழுவேட்டரையரும் பழியை ஏற்கிறார், வாசகர் மனத்தில் மூன்றாவது சந்தேகமும் நிற்கிறது. அது நல்ல ஆட்டம். ஆனால் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி முழுக்கக் கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டும் அவர் கையைக் கட்டவில்லை. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா, தந்தையா என்ற கேள்வியை ஒரு பாகத்தில் ஒருவிதமாகவும் இன்னொரு பாகத்தில் வேறுவிதமாகவும் எழுப்பிவிட்டு, கடைசியில் அவளை மலைக்குகையிலிருந்து குதிரையேற்றி அனுப்பிவிட்டார். நாவலின் மிக வலிமையான பாத்திரத்துக்கு அது போதாது. வாரா வாரம் எழுதியதில் நூல் எங்கோ சிக்கிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘மலர் உதிர்ந்தது’ என்பது அதன் பெயர். பட்டாபிஷேகக் கோலாகலம் முடிந்து, மகுடமும் அரண்மனையும் பின்னால் போய்விடுகின்றன. சம்புவரையர் மகள் மணிமேகலை சித்தம் கலங்கிக் கிடக்கிறாள். அவளைப் பார்க்க வந்தியத்தேவன் வருகிறான். அவன் கண்ணெதிரே அவள் உயிர் பிரிகிறது. 293 அத்தியாயம் ஓடிய கதையைக் கல்கி ராஜகுமாரியின் கல்யாணத்தில் முடிக்கவில்லை. யாரும் திரும்ப நேசிக்காத ஒரு பெண்ணின் சாவில் முடித்தார். அதை அபசகுனம் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அருண்மொழி முடியைக் கொடுத்தார். அது ஊரறிந்த தியாகம், செப்பேட்டில் ஏறியது. தன்னை விரும்பாதவனைக் காப்பாற்றுவதற்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பெண்ணைப் பற்றி எந்தச் செப்பேடும் எழுதாது. அவளுக்கான அத்தியாயத்தைக் கல்கி எழுதினார். குறும்பும் சிரிப்புமாகத் திரிந்த வாணர்குல வீரன் வந்தியத்தேவன் அந்த ஒரு பொழுதில் வயதேறிவிடுகிறான். கல்யாணக் காட்சியால் இதைச் செய்திருக்க முடியாது.

கால நிலவரத்தையும் மறக்கக் கூடாது. கடைசி அத்தியாயம் வந்தது மே மாதம். அதே 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். வயது 55. அவர் தொடங்கியிருந்த ‘அமரதாரா’ பாதியில் நின்றது. மகள் ஆனந்திதான் அதை முடித்தார். ரசிகர் ஆசைக்கு இணங்கி ‘பொன்னியின் செல்வ’னை இன்னும் ஓராண்டு இழுத்திருந்தால், முடிசூட்டு விழாவே அவர் கையால் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர்கள் ஆடினார்கள். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். பாலகுமாரன் ஆறு பாகங்களில் ‘உடையார்’ எழுதி ராஜராஜனைப் பெரிய கோயில் வரை கொண்டுபோனார். அத்தனைக்கும் பிறகும் வாசகர் கூட்டம் திரும்பிப் போய் நிற்பது கல்கி விட்ட இடத்தில்தான்.

என் தீர்ப்பு: டிக்ளேர் சரி. அமுதனுக்குப் பத்து அத்தியாயம் கூடுதலாக வேண்டும், நந்தினிக்கு நேர்மையான ஒரு முடிவு வேண்டும். கல்யாணக் காட்சி வேண்டியதில்லை.

படம் மட்டும் பார்த்தவர்களுக்கும், முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் பாகத்தை எடுத்து, மகுடம் கைமாறும் இடத்திலிருந்து முடிவுரை வரை ஒரே மூச்சில் படியுங்கள். முடிவுரையை விட்டுவிடாதீர்கள். அதன்பிறகும் குந்தவையின் கழுத்தில் மாலை விழுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், காரணத்தோடு எனக்கு எழுதுங்கள்.