நூலுக்கு நூல்: கவிஞர்களின் அஞ்சல்வழிப் பண்டமாற்று

உறையூர் அரசன் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டு பழகியவர் அல்லர். ஆயினும் சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார் என்று சொல்லி அவருக்கும் இடம் ஒதுக்கச் செய்தான், அவரும் வந்தார். திருக்குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், காணாமலே ஒன்றிய உள்ளங்களுக்கு இவ்விருவரையே சான்றாகக் காட்டுவார்.

இக்காலக் கவிஞர்கள் அத்தகைய நட்பை அஞ்சல் வாயிலாகத் தேடுகின்றனர். தம் கைப்பொருளைச் செலவிட்டு முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிட்ட கவிஞர் ஒருவர், முன்பின் அறியாத மற்றொரு கவிஞரின் முகவரியை ஓர் இதழில் கண்டு, முதற்பக்கத்தில் 'அன்புடன்' என ஒப்பமிட்டுத் தம் நூலை அனுப்புகிறார். சில நாட்களில் அவருடைய நூல் இவரை வந்தடைகிறது. பணம் கைமாறுவதில்லை; விற்பனையாளரும் இடையில் இல்லை. நூலுக்கு நூல் என்பதே கணக்கு.

இவ்வழக்கத்தைத் தோழமையின் அடையாளம் என்று பாராட்டுவோர் பலர். தோழமை வளர்வது உண்மையே. ஆனால் கவிதை வளர்கிறதா? இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது, தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் வேண்டுவது. ஒரு தமிழ்க் கவிதை நூலைக் கடையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு கொல்கத்தாவில் அரிது. நம் வீட்டுக்கு வரும் கவிதை பெரும்பாலும் அஞ்சல்காரர் கையால் வருவதே.

பாரதியார் தரும் படிப்பினை

கவிஞர் ஒருவர் தம் நூலுக்காகப் பலருக்கும் மடல் விடுப்பது புதிதன்று. 1920-ஆம் ஆண்டு கடையத்தில் இருந்த பாரதியார், தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டு, அதற்குக் கடனாகப் பொருள் உதவுமாறு சுற்றறிக்கை விடுத்தார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது வேறு. சென்னை வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. பாரதியாரோ திலகர் அணியைச் சார்ந்தவர். இருப்பினும் பாரதியாரின் நாட்டுப்பாடல்களைக் கேட்டு உள்ளம் உருகிய ஐயர், 1907-இல் அவற்றைத் தம் செலவிலேயே 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். கவிஞர் தாமே கேட்டபோது கதவுகள் திறக்கவில்லை. கவிஞரும் அல்லாத, கட்சியும் ஒவ்வாத ஒருவர் முன்வந்தபோது பாட்டு பல்லாயிரவரிடம் சென்றது. எழுதுபவரும் அவர் தோழரும் நீங்கலான இந்த மூன்றாம் கையே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல்.

சிற்றிதழ்கள் கண்ட வழி

புதுக்கவிதையின் வரலாற்றில் அஞ்சலுக்குரிய பங்கு பெரிது. சி. சு. செல்லப்பா 1959 சனவரி முதல் 1970 சனவரி வரை 119 இதழ்கள் நடத்திய 'எழுத்து', தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் வந்த அஞ்சல் உறைகளால் உயிர் வாழ்ந்த இதழ். இலங்கையின் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமூவின் கவிதை 1960 தொடக்கத்தில் அவ்விதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பெற்ற அவர், தமிழகத்துக்குக் குடிவருமுன்னரே தமிழகம் அறிந்த கவிஞர் ஆகிவிட்டார்.

செல்லப்பா இங்குச் செய்தது பண்டமாற்று அன்று. வந்ததை வாசித்தார், தேர்ந்தார், தள்ளினார், விவாதித்தார். 1962-இல் அவர் வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகளே இடம்பெற்றன. அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நூற்கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்றார். கவிதை எழுதாத மாணவரிடமும் ஆசிரியரிடமும் அதைக் கொண்டுசேர்ப்பதே அவர் நோக்கம்.

கோவையில் 1971-இல் தோன்றிய 'வானம்பாடி' மற்றொரு வழியைக் கண்டது. 'விலையிலாக் கவிமடல்' என்று தன்னை அழைத்துக்கொண்ட அவ்விதழ் விலையின்றியே வழங்கப்பட்டது. கவிஞர்கள் தாமே செலவைப் பகிர்ந்துகொண்டனர். முழக்கம் மிகுந்தது என்று அதன்மேல் குறை கூறினோர் உண்டு. அக்குறையில் பொருளும் உண்டு. எனினும் தன் மடலுக்கு மாற்றாக மற்றொரு மடலை அது கேட்கவில்லை என்பதை மறத்தலாகாது.

தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தோர்க்கும் இதில் பங்குண்டு. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்த நகுலன், 1968-இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பை அந்நகரிலிருந்தே வெளியிட்டார். வேற்றுமொழி நகரில் இருந்துகொண்டே பலருடைய எழுத்தை ஒன்றுசேர்க்க முடியும் என்பதற்கு அது நமக்கு ஏற்ற சான்று.

நம் நகரின் நடைமுறை

நாம் வாழும் இந்நகரமோ சிற்றிதழ்களின் தலைநகரம். லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கச் செல்லும் தமிழர் பலர் ராஷ்பிகாரி அவென்யூவில் நடக்கின்றனர். அச்சாலையின் 202-ஆம் எண் வீட்டில்தான் புத்ததேவ போஸின் 'கவிதா பவன்' இயங்கியது. 1942-இல் அவர் 'ஒரு பைசாவுக்கு ஒரு கவிதை' என்ற பொருளுடைய பெயரில் ஒரு நூல்வரிசையைத் தொடங்கினார். பதினாறு பக்கம், விலை நான்கு அணா. ஜீவனானந்த தாஸின் 'வனலதா சேன்' முதன்முதல் நூலானது அவ்வரிசையில்தான். கவிதையைத் தோழர்க்குப் பரிசாக்காமல், எவரும் வாங்கக்கூடிய விலையில் தெருவுக்குக் கொண்டுவந்த முயற்சி அது.

1961-இல் கிளம்பிய 'பசித்த தலைமுறை'க் கவிஞர்களோ நூலுக்குக்கூடக் காத்திராமல் துண்டறிக்கைகளில் கவிதை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். அவர்களில் மலய் ராய் சௌத்ரி, ஆபாசக் குற்றச்சாட்டில் 1964-இல் கைதானார். 1965-இல் தண்டிக்கப்பட்டு, 1967-இல் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அவர் கவிதையை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. கையில் திணிக்கப்பட்ட ஒரு தாளை எவரோ படித்தனர், படித்துச் சினந்தனர் என்பதை அவ்வழக்கு மெய்ப்பிக்கிறது. பண்டமாற்று நூல்கள் பலவற்றுக்கு அச்சினமும் வாய்ப்பதில்லை!

லேக் கார்டன்ஸில் பேராசிரியர் பி. லால் 1958-இல் தொடங்கிய 'ரைட்டர்ஸ் வொர்க்ஷாப்', ஆங்கிலத்தில் எழுதும் இந்தியக் கவிஞர்களின் நூல்களைக் கைத்தறிச் சேலைத்துணியால் கட்டடம் செய்து வெளியிட்டது. அச்சாகும் நூலில் நூறு பிரதிகளை ஆசிரியரே வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கு இருந்தது. நூறு நூல்களை வீட்டில் வைத்திருக்கும் கவிஞர் என்ன செய்வார்? முகவரிகளைத் தேடுவார். பண்டமாற்றின் பொருளாதார அடிப்படை இதுவே.

உப்புக்கு உப்பு

நெய்தல் நிலத்து உப்பை மருத நிலத்து நெல்லுக்கு மாற்றினர் என்பது சங்க நூல்களால் நாம் அறியும் செய்தி. அம்மாற்றில் இருவரும் தம்மிடம் இல்லாததைப் பெற்றனர். உப்பு விற்போர் இருவர் வழியிற் சந்தித்து, ஒருவர் மூட்டையை மற்றவர் வாங்கிக்கொண்டு திரும்பினால் எவர் வீட்டில் உலை கொதிக்கும்? கவிஞர் கவிஞர்க்கே நூல் அனுப்பும் வழக்கத்தில் நாம் காணும் முதற்குறை இது. வாசகர் என்றொருவர் அங்கு இல்லாமலே போய்விடுகிறார்.

இரண்டாவது குறை, கடப்பாடு. நூலைப் பெற்றவர் தம் நூலையும் அனுப்பியிருக்கிறார். அவரைக் குறைகூறின் தம்மையும் அவர் குறைகூறுவார் என்னும் அச்சம் இருவர்க்கும் உண்டு. ஆகவே நன்றிக்கடிதமே மதிப்புரை ஆகிறது; மதிப்புரை அடுத்த நூலுக்கு அணிந்துரை ஆகிறது. எந்த நூலின் எந்தக் கவிதைக்கும் பொருந்தும் புகழுரை, எந்தக் கவிதைக்கும் உரியதன்று.

மூன்றாவது குறையை அலுவலக எழுத்தரான நாம் எளிதில் காண்கிறோம். இதழ்களில் 'வரப்பெற்றோம்' என்றொரு பகுதி உண்டு. நூலின் பெயர், ஆசிரியர், விலை, முகவரி ஆகிய நான்கும் அச்சாகும், அவ்வளவே. வந்த கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி எண் இட்டுவிட்டால் அதன்மேல் நடவடிக்கை முடிந்துவிட்டது என்று எந்த அலுவலகமும் சொல்வதில்லை. நூல்களுக்கு மட்டும் அவ்வாறு சொல்லி நாம் அமைதியுறுகிறோம்.

வந்து சேர்வது மட்டும் போதாது என்பதற்கு அலிப்பூரின் பெல்வெடியர் வளாகமே சான்று. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியையும் பதிப்பாளர் தம் செலவில் முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்புதல் வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம் முதலிய பிற மூன்று நூலகங்களுக்கும் அவ்வாறே. சட்டப்படி நோக்கின், தமிழ்க் கவிதை நூல் ஒவ்வொன்றும் நம் நகருக்கு வந்தாக வேண்டியதே! பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் அரிய நூற்றொகுதியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நம்மவரில் எத்துணைப் பேர் அங்குச் சென்று ஒரு தமிழ்க் கவிதை நூலைக் கேட்டிருப்போம்? கேட்பாரில்லாத நூல், அனுப்பப்படாத நூலுக்கு ஒப்பாகும்.

இதற்கு மாறான காட்சியும் இந்நகரிலேயே உண்டு. 1970-களின் தொடக்கத்தில் சிற்றிதழ்கள் கழிவென ஒதுக்கப்பட்டுக் கட்டிக் கிடந்ததைக் கண்டு மனம் நொந்த சந்தீப் தத்தா, 1978-இல் காலேஜ் ஸ்ட்ரீட் அருகே டேமர் லேனில் தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகமும் ஆய்வு மையமும் அமைத்தார். பள்ளி ஆசிரியரான அவர் 2023-இல் மறையும்வரை அதைப் பேணினார். அவரிடம் ஓர் இதழைக் கொடுத்தவர்க்குக் கைம்மாறாக மற்றோர் இதழ் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்தும் ஓர் ஆராய்ச்சி மாணவர் அதைத் திறந்து பார்ப்பார் என்னும் உறுதி கிடைத்தது.

அஞ்சலும் அருகிவரும் காலம்

பண்டமாற்றின் குறைகளை எடுத்துக்காட்டியதால் அது ஒழியவேண்டும் என்று நாம் கருதுவதாக எவரும் எண்ணவேண்டா. சிற்றூரில் தனித்திருக்கும் இளங்கவிஞருக்கு, பிறர் எவ்வாறு எழுதுகின்றனர் என்பதைக் கற்பிக்கும் பள்ளி அதுவே. அப்பள்ளிக்கும் இன்று இடர் வந்துள்ளது. குறைந்த கட்டணத்தில் நூல்களைச் சுமந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 திசம்பரில் நிறுத்தப்பட்டது. பதிப்பாளரும் இதழாளரும் வருந்தினர். பின்னர் 2025 மே முதல் நாள் 'ஞான் போஸ்ட்' என்னும் சேவை தொடங்கியது. தொடக்கத்தில் அதற்கு விதித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி நீங்கலாக. ஐம்பது பேருக்கு நூல் அனுப்பும் கவிஞர்க்கு அதுவே ஆயிரம் ரூபாய்க்கு மேலாகும். செலவு கூடக்கூட, எவருக்கு அனுப்புவது என்று அவர் கருதிப் பார்த்தே தீரவேண்டும்.

மூன்றாம் கை

நம் முன்னோர் கண்ட ஆற்றுப்படை இலக்கியம் இவ்விடத்தில் வழிகாட்டுகிறது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியில் எதிர்ப்பட்ட வறியவனை முன்பின் அறியான். ஆயினும் தான் பெற்றதைச் சொல்லி, செல்லும் வழியையும் சொல்லி அவனை அனுப்புகிறான். பெற்றவன் கொடுத்தவனுக்கே திருப்பித் தருவதில்லை. வழியில் வந்த மூன்றாமவனுக்கு வழி காட்டுகிறான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இம்முறையில் அமைந்தவை.

பண்டமாற்று இவ்வாறு ஆற்றுப்படையாக மாறினால் அதன் குறைகள் நீங்கும். அம்மூன்றாம் கை நம்முடையதாக இருத்தல் கூடும். அறியாத கவிஞர் ஒருவரின் நூல் நம் வீட்டுக்கு வந்தால், நாம் கவிஞராக இருக்கவேண்டியதில்லை. மாற்று நூல் அனுப்பவும் வேண்டியதில்லை. நூலைப் படித்து, பிடித்த கவிதை எது, பிடிபடாத கவிதை எது என்று அஞ்சலட்டையில் நான்கு வரி எழுதினால், நூறு புகழுரைகளினும் அது அவருக்குப் பயன்படும். பின் அந்நூலைச் சங்கத்து அன்பர் மற்றொருவரின் வீட்டுக்கு அனுப்பலாம்.

இந்நகர்க்கே உரிய மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. நம் பிள்ளைகள் தமிழை வீட்டிலும் வங்கத்தைத் தெருவிலும் கற்றவர்கள். தமிழ்க் கவிதை ஒன்றின் பொருளை அடுத்த வீட்டு வங்காளி நண்பருக்குச் சொல்லவும், அவர் மொழிக் கவிதை ஒன்றைக் கேட்டு வந்து நமக்குச் சொல்லவும் அவர்களால் முடியும். அதுவே உப்புக்கு நெல் மாற்றும் வாணிகம். அதைச் செய்யாவிடில், பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நாளில் நம் அலமாரித் தமிழ் நூல்கள் பழைய காகிதக்காரரின் தராசில் ஏறும். பிள்ளைகள் அருகில் நின்று, அவை என்ன நூல்கள் என்றும் அறியாமல் பார்த்துக்கொண்டிருப்பர்.

ஆண்டுதோறும் இம்மலரும் பல வீடுகளுக்கு அஞ்சலில் செல்கிறது. இதைப் பெறும் அன்பர்கள், தம்மிடம் படிக்காமல் கிடக்கும் கவிதை நூல் ஒன்றை இவ்வாரத்தில் எடுத்துப் பிரித்து, அதன் பின்னட்டை முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார்களாக.