மூன்று வகைக்குள் முடங்கிய ‘இஃப்’

நம் பள்ளிகளில் ஆங்கில நிபந்தனை வாக்கியத்துக்கு ‘இஃப் கிளாஸ்’ என்று பெயர். டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று என அதற்குக் கரும்பலகையில் ஓர் அட்டவணை உண்டு. ‘இஃப்’ பக்கம் நிகழ்காலம் வந்தால் மறுபக்கம் ‘வில்’, இறந்தகாலம் வந்தால் ‘வுட்’, ‘ஹேட்’ வந்தால் ‘வுட் ஹாவ்’. கூட்டுப் பெயருக்கோ இன்னும் சுருக்கம்: ‘டீம்’, ‘கமிட்டி’, ‘ஃபேமிலி’ எல்லாம் ஒருமை, ஆகவே ‘இஸ்’. இந்த முறையை எளிதில் தூக்கியெறிந்துவிட முடியாது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ஆங்கிலம் காதில் விழாத வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்க அட்டவணை போதும். விடைத்தாள் திருத்துபவருக்கும் அது வசதி. ஆனால் பேசுபவர் ஒன்றை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் காட்டும் இலக்கணத்தை அது வெறும் வாய்ப்பாடாகக் குறுக்கிவிடுகிறது.

டைப் இரண்டை எடுத்துக்கொள்வோம். ‘இஃப் ஐ வேர் எ பேர்ட்’ என்பதில் ‘வேர்’ இறந்தகால வடிவம். அதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. நான் பறவை இல்லை, ஆகப்போவதும் இல்லை என்ற தொலைவைத்தான் அந்த வடிவம் சொல்கிறது. காலத்தால் தள்ளி நிற்பதைச் சொல்லும் உருவம், நடப்பிலிருந்து தள்ளி நிற்பதையும் சொல்லப் பயன்படுகிறது. அட்டவணை இதைச் சொல்வதில்லை. ‘பாஸ்ட் டென்ஸ் போடு’ என்று மட்டும் சொல்கிறது, மாணவர் மிரள்கிறார். மிரள வேண்டிய அவசியமே இல்லை, ஏனெனில் தமிழரின் நாக்கில் இதே விந்தை அன்றாடம் புழங்குகிறது. ‘நாளை வந்தால் தருகிறேன்’ என்கிறோம். ‘வந்தான்’ என்பதிலுள்ள அதே இறந்தகால அடிதான் ‘வந்தால்’ என்பதிலும் இருக்கிறது. பேச்சோ நாளையைப் பற்றியது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ‘மழை பெய்தால் நனைவேன்’, ‘சிறகிருந்தால் பறப்பேன்’ இரண்டுக்கும் நம்மிடம் ஒரே அச்சு. நடக்கக்கூடியது, நடக்கவே முடியாதது என்று ஆங்கிலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில்தான் தமிழ் மாணவர் சறுக்குவார். நீளத்தால் எல்லோரையும் பயமுறுத்தும் டைப் மூன்றுக்கோ, ‘சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்று உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் இணை நம்மிடம் தயாராக இருக்கிறது. கடினமானதையும் எளிதானதையும் ஒரே எடையில் நிறுத்துகிறது அட்டவணை. ‘அன்று படித்திருந்தால் இன்று டாக்டராக இருப்பேன்’ என்ற கலப்பு வாக்கியத்துக்கும், ‘நேற்று அவன் வீட்டில் இருந்தான் என்றால் கடிதத்தைப் பார்த்திருப்பான்’ என்ற நேரான ஊகத்துக்கும் அதன் மூன்று கட்டங்களில் இடமே கிடையாது.

ஆங்கில வகுப்பில் தமிழைக் கொண்டுவந்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சிலர் மறுப்பார்கள். தமிழ் ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஹி கம்ஸ் மீன்ஸ், ஐ வில் கோ’ என்று நம் ஊரில் கேட்கும் ஆங்கிலம், ‘வந்தான்னா’ என்பதன் நேர்வாரிசு. கதவைச் சாத்தினால் அது ஜன்னல் வழியாக நுழைகிறது. அழைத்து உட்காரவைத்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவது மேல். அதற்கு வகுப்பில் நேரமில்லை என்பது இன்னொரு மறுப்பு. ‘வந்தால்’ என்பதைப் பிரித்துக்காட்ட ஐந்து நிமிடம் போதும். அட்டவணையை ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப மனப்பாடம் செய்விக்க ஆகும் நேரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கூட்டுப் பெயரில் வாய்ப்பாடு இன்னும் பலவீனமானது. கிரிக்கெட் வர்ணனையில் ‘இந்தியா ஆர் பேட்டிங்’ என்று கேட்டு வளர்ந்த பையனிடம் ‘டீம் இஸ்’ மட்டுமே சரி என்றால் அவன் யாரை நம்புவான்? பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் குழுவை ஒரே அமைப்பாகப் பார்த்தால் ஒருமை, உள்ளிருக்கும் ஆட்களாகப் பார்த்தால் பன்மை. அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமையோடு நின்றுவிடுவார்கள். அவர்களும் எப்போதும் அப்படியில்லை: தங்கள் நாட்டையே அரசியல் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவில் ‘தெம்’ என்று பன்மையில் சுட்டியவர்கள், இன்று ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் இஸ்’ என்கிறார்கள். ‘போலீஸ்’ மட்டும் இரு நாட்டிலும் பன்மை. தமிழில் ‘காவல்துறை கைது செய்தது’, ‘போலீஸார் கைது செய்தனர்’ என்று எழுதும்போது இதே பார்வை வேறுபாட்டை நாமும் கையாள்கிறோம். ஆனால் வினையை மட்டுமல்ல, பெயரையும் சேர்த்தே மாற்றிக்கொள்கிறோம். குழு, அரசு, விருந்து, குழவி உள்ளிட்ட 18 வகைச் சொற்கள் பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. பொருள் ஒரு பக்கமும் முடிபு வேறு பக்கமும் இழுப்பது நமக்குப் புதிய சிக்கல் அல்ல. ‘கமிட்டி ஆர் டிவைடட்’ என்ற வாக்கியம் வந்தவுடன் சிவப்பு மையை எடுப்பவர், தம் மொழியின் இந்தப் பழைய நுட்பத்தையும் மறந்தவராகிறார்.

தேர்வுக்கு ஒரே விடைதான் வேண்டும் என்றால், குற்றம் கேள்வியில் இருக்கிறது. சூழல் எதுவும் தராமல் ‘தி கமிட்டி ... டிவைடட்’ என்று கோடிட்டு ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இலக்கணக் கேள்வியே அல்ல. வினாத்தாள் தயாரிப்பவர்கள் அந்தக் கோட்டுக்கு முன்னால் சூழலைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கட்டும். அது முடியாதென்றால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுக்கட்டும்.