பாவித்த கீபோர்டும் பழகும் விரலும்

பியானோ பழகப்போகும் பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று கேட்டால் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 88 கட்டை இருக்க வேண்டும். கட்டைகள் வெயிட்டட் ஆக, அதாவது விரலுக்கு எடை தெரிகிற மாதிரி, இருக்க வேண்டும். புதிது வாங்க வசதியில்லையென்றால் பாவித்ததையாவது வாங்குங்கள். இலங்கையில் ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களுக்கும் இந்தப் பதில் வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு ஆராதனையில் கீபோர்ட் வாசிக்கும் அண்ணனைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவிசாவளைப் பக்கம் வகுப்பு தேடிப் போகும் பெற்றோர், திரும்பி வரும்போது இந்த ஒரு வரியைத்தான் கையில் கொண்டு வருகிறார்கள். அந்த வரியில் பாதி சரி. அடுத்த பாதி வாங்குகிறவரின் பணத்தையும் பிள்ளையின் விரலையும் ஒன்றாகக் கெடுக்கக்கூடியது.

சரியான பாதியை முதலில் பார்த்துவிடலாம். நம் பிள்ளைகளின் கை முதலில் விழுவது ஆர்மோனியத்தில், அல்லது சபையில் கிடக்கும் 61 கட்டைக் கீபோர்டில். ஆர்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியின் வேலை. விரல் கட்டையை ஓங்கித் தட்டினாலும் தடவினாலும் ஒலி ஒன்றுதான். விலை குறைந்த சில கீபோர்டுகளிலும் இதே கதை. யமஹாவின் பிஎஸ்ஆர்-எஃப்51 போன்றவற்றில் விரலின் வேகத்தை உணரும் ஏற்பாடே கிடையாது. பியானோவில் அந்தப் பொறுப்பு முழுவதும் விரலின் தலையில். கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாக உள்ளேயுள்ள சுத்தியல் கம்பியில் மோதும். 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியை உருவாக்கியதே விரலுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கத்தான். நல்ல பியானோவில் ஒரு கட்டையை மெல்ல இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். கீழ்ஸ்தாயியில் சற்றுக் கூடும், மேல்ஸ்தாயியில் சற்றுக் குறையும். கீபோர்டின் எடையில்லாத ஸ்பிரிங் கட்டையிலேயே ஒரு வருடம் பழகிய பிள்ளையைப் பியானோவில் உட்காரவைத்தால் நான்காம் விரலும் சுண்டுவிரலும் பாதிச் சுரங்களை விழுங்கிவிடும். வெயிட்டட் கேட்கும் ஆசிரியர் வீம்புக்குக் கேட்கவில்லை.

அவர் கேட்கும் வெயிட்டட் கட்டை டிஜிட்டல் பியானோக்களில் காசியோவின் பிரீவியா வரிசை 2003இல் வந்தது; யமஹாவின் பி-45 2015இல் வந்தது. அந்தக் காலத்தில் கொழும்பு வீடுகளுக்குள் போனவைதான் இன்று பாவித்த பொருளாக வெளியே வருகின்றன. இவற்றில் ஒவ்வொரு கட்டையோடும் ஒரு சிறு எடை இணைந்து அசைவதால், விரலுக்குச் சுத்தியலைத் தூக்குகிற உணர்வு கிடைக்கிறது.

ஆனால் அந்த எடை ஒலி எழுப்புவதில்லை. அது விரலுக்கு மட்டும்தான். ஒலியைத் தீர்மானிப்பது கட்டைக்கு அடியிலுள்ள இறப்பர் பட்டையும் அதில் ஒட்டியிருக்கும் கரித்தொடுகைகளும். (இறப்பர் என்றதும் நம் பால்வெட்டு ஞாபகம் வரலாம். இது சிலிக்கோன், நம் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒரு கட்டைக்கு இரண்டு தொடுகை, சில மாடல்களில் மூன்று. முதலாவது பட்டு அடுத்தது படுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறையக் குறைய சத்தம் கூடும். இந்தக் கரியில் தூசி படிந்தாலோ, ஈரம் ஏறினாலோ, எறும்பு குடியேறினாலோ அளவு தப்பிப்போகும். ஒன்று கட்டை ஊமையாகும், அல்லது எவ்வளவு மெல்லத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் அலறும். மழைக்குக் குறைவில்லாத நம் ஊரில் இது அடிக்கடி காணும் நோய்.

பாவித்த கருவி காலை வாருவது இந்த இடத்தில்தான். நான் பார்க்கப்போன ஒரு கருவி வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. நடுஸ்தாயி எஃப் மட்டும், தொட்டால் போதும், கத்தியது. “அது அப்பிடித்தான் சேர், ரெண்டு நாள் வாசிச்சா சரியாகிரும்” என்றார் விற்கிறவர். வாசிக்கத் தெரிந்தவர் அதைக் கருவியின் குறை என்று தள்ளிவிடுவார். பழகத் தொடங்கிய பிள்ளைக்கு அது தெரியாது. தன் விரல்தான் பிழை என்று நினைத்து, அந்த ஒரு கட்டை வரும்போதெல்லாம் கையைச் சுருக்கிக்கொள்ளும். ஆறு மாதத்தில் அது பழக்கமாகிவிடும், அதை அழிக்க ஆசிரியருக்கு இன்னொரு ஆறு மாதம் வேண்டும். ஆகவே என் கணக்கில் எடையைவிடச் சீர்தான் முக்கியம். எல்லாக் கட்டையும் ஒரே மாதிரிப் பதில் சொல்லும், டச் (விரலின் வேகத்தை உணரும் ஏற்பாடு) உள்ள 61 கட்டைக் கீபோர்ட், சீர்கெட்ட 88 கட்டை வெயிட்டடைவிட முதல் வருடத்துக்கு மேல். பியானோ பரீட்சையின் கிரேட் 1 பாடங்கள் பெரும்பாலும் 61 கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும்.

சீரைச் சோதிப்பது பெரிய வித்தையல்ல, பொறுமை போதும். ஹெட்போன் மாட்டி, சத்தத்தை நடுவில் வைத்து, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை வெள்ளை கறுப்பு எதையும் விடாமல் ஒரே விரலால், முடிந்த அளவு மெல்ல இறக்கிக்கொண்டு போக வேண்டும். ஊமையும் அலறலும் அதிலேயே பிடிபடும். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கரண்டை அணைத்து, கட்டைகளை வெறுமனே தட்டிப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள மெத்தைத் துணி தேய்ந்த இடத்தில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் மோதும் ‘டக் டக்’ கேட்கும். முன்னைய உரிமையாளர் எந்த ஸ்தாயியில் பாட்டு வாசித்தார் என்பதைக்கூட அந்தச் சத்தம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் நடு இரண்டு ஸ்தாயிகள்தான் முதலில் தேயும். விற்கிறவர் “நானே வாசிச்சுக் காட்டுறேன்” என்று ஒரு பாட்டைத் தொடங்கினால் கேட்டு ரசிக்கலாம், அதை வைத்து வாங்க முடியாது. கெட்டிக்காரர் கெட்ட கட்டையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

கரண்ட் விஷயம் தனி. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பெட்டிப் பியானோக்களில் சில அந்த நாட்டு 100 வோல்ட்டுக்கே செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் வாங்கிய அன்றே கதை முடியும்; பின்னாலுள்ள தகட்டை வாசிக்காமல் செருகக்கூடாது. அடாப்டர் தொலைந்த கருவி என்றால் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, நடு ஊசி நேரா எதிரா என்று பார்த்தே மாற்று வாங்க வேண்டும். பழைய காசியோக்கள் பலவற்றில் நடு எதிர், யமஹாவில் நடு நேர். சித்திரை மாதத்திலும் ஐப்பசி மாதத்திலும் பின்னேரம் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவதை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

இனி, 88 கட்டை வெயிட்டட் என்ற பதிலைச் சொல்கிறவர்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று: வீடு. பி-45 நீளத்தில் 132 சென்டிமீட்டருக்கு மேல், எடையில் 11.5 கிலோ. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா என்பது பழைய கணக்கில் 10 அடிக்கு 12 அடி. நாலேகால் அடிக்கு மேல் நீளும் பொருள் சுவரில் மூன்றிலொரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் எழுதும் மேசை நிற்க வேண்டிய இடத்தில். ஹெட்போன் போட்டால் சத்தம் வராது என்பதும் முழு உண்மையல்ல. எடையுள்ள கட்டை தட்டும் அதிர்வு மேசைக்கால் வழியாக அடுத்த காம்பிராவுக்குப் போகும். விடிய எழுந்து பால்வெட்டுக்குப் போகிறவர் அங்கே படுத்திருப்பார்.

பணத்தைப் பேசாமல் இதைப் பேச முடியாது. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் படியோடு சேர்த்து 1000 ரூபாயாக இருந்தது, 2024இல் அடிப்படை 1350 ரூபாயாக இருந்தது. பாவித்த கருவி ஒன்று ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்த 1350 கணக்கில் ஏறத்தாழ 74 நாள் பேர் (நாள் வேலைப் பதிவு). மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பேரும் விழாது. அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கியபின் பிள்ளை மூன்றாம் மாதம் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் பியானோ என்ற பேச்சையே எடுக்க முடியாது. விட்டுவிடும் உரிமையும் பழகும் பிள்ளைக்கு வேண்டும். விலை அதிகமாக அதிகமாக அந்த உரிமை சுருங்குகிறது.

பரீட்சை என்று வந்தால் கணக்கு மாறும். இசைப் பரீட்சை நடத்தும் லண்டன் டிரினிட்டி கொலேஜ் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனி கிரேட் வைத்திருக்கிறது. சபையில் வாசிப்பதே குறி என்றால் அந்த வழிக்கு வெயிட்டட் தேவையில்லை. இன்னொரு பரீட்சை அமைப்பான ஏபிஆர்எஸ்எம் 2020இல் தொடங்கிய பெர்ஃபோமன்ஸ் கிரேட்டில் வாசிப்பை வீடியோவில் பதிந்து அனுப்பலாம். டிஜிட்டல் பியானோவும் ஏற்கப்படும், ஆனால் எடையுள்ள முழு அளவுக் கட்டைகளும் பெடலும் கேட்பார்கள். பிள்ளை எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது முதல் வருட முடிவில்தான் தெரியும். எனவே பெரிய செலவை அதுவரை தள்ளிப்போடுவது தப்பல்ல.

இடையில் ஒரு வழி வாடகை. 1976இல் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மானின் தந்தை ஆர். கே. சேகர் இறந்தபின் குடும்பம் அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே பிழைத்தது. சென்னையில் அதற்குச் சினிமா என்ற சந்தை இருந்தது. நம் பக்கம் ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகைக்கு வரும், வெயிட்டட் கீபோர்ட் வராது. எனக்குத் தெரிந்த அளவில் மிஞ்சுவது, நாலைந்து குடும்பம் சேர்ந்து நல்லதொரு பாவித்த 88ஐ வாங்கி ஆலய மண்டபத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் டச் உள்ள 61இல் விரல் பழகுவதுதான். இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கும், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அவர் கதவைத் திறந்துவிடுவாரா என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.