தமிழ்க் காவியங்களில் மனச்சாட்சி

பொய்யாக அழுகிறவரைக் கண்டால் "நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்" என்று சொல்லாத தமிழர் இல்லை. ஆயினும் அந்தக் கண்ணீர் எந்த ஊர் மண்ணில் விழுந்தது என்று கேட்டால் விடை சொல்லக் கூடியவர் சிலரே. கடம்பத்தூரில் ரயிலேறி அரக்கோணத்து மார்க்கமாகச் செல்பவர், செஞ்சிப்பனம்பாக்கத்தையும் மணவூரையும் கடந்து மூன்றாவதாக வரும் நிலையத்தில் இறங்கினால், அது காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சேர்ந்த திருவாலங்காடு. அதனை அடுத்துள்ளது பழையனூர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே தீப்பாய்ந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே தொட்டி போல் அமைந்த இடத்தின் உட்சுவர்களைச் சுற்றிலும் மனித உருவங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு எதிரில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குச் சாட்சி பூதேசுவரர் என்று திருநாமம். நம் இலக்கியப் பாத்திரங்களின் மனச்சாட்சியைப் பற்றி எழுதப் புகுந்தவன், சாட்சி என்ற பெயரையே தாங்கிய அந்தச் சந்நிதியிலிருந்து தொடங்குவதுதான் முறையாகும்.

கதை யாவரும் அறிந்ததே எனினும், அதன் நடுவிலுள்ள ஒரு சங்கதியை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்கக் காத்திருந்த நீலி என்னும் பேய், மறுபிறப்பில் வணிகனாய்க் காஞ்சியிலிருந்து வந்த அவனுடைய மனைவியைப் போல உருக்கொண்டு, கள்ளிக்கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, பழையனூர் வேளாளர் 70 பேர் கூடியிருந்த சபையில் வந்து அழுதது. குழந்தையோ வணிகனைத் தகப்பனென்றே பாவித்து அவனிடம் தாவிற்று. "இவள் என் மனைவியல்லள், என் உயிரைக் குடிக்க வந்தவள்" என்று அவன் நடுநடுங்கிச் சொன்ன வார்த்தையைச் சபையோர் நம்பவில்லை. அவனுக்குக் காவலாயிருந்த மந்திரவாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு ஏதேனும் தீங்கு நேருமாயின் நாங்கள் எழுபதின்மரும் உயிர் கொடுப்போம்" என்று பிரதிக்ஞை செய்து, அவளோடு அவனை ஒரே வீட்டில் தங்கவைத்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீ வளர்த்து இறங்கினார்கள்.

இங்கே கவனிக்கத் தக்கது என்னவெனில், அவர்கள் துஷ்டர்களல்லர், லஞ்சம் வாங்கியவர்களுமல்லர். அழுது நிற்கும் ஒரு பெண்ணுக்கும் ஆதரவற்ற ஒரு குழந்தைக்கும் இரங்கியவர்களே. நல்லெண்ணத்தால் வழங்கிய தீர்ப்பு அநீதியாய் முடிந்தபோது, "எங்களை ஏமாற்றியது பேய், நாங்கள் என்ன செய்வோம்?" என்று சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது, உலகமும் அதை ஒப்புக்கொண்டிருக்கும். அந்த நியாயத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இக்கதையின் ஜீவன்.

இந்த ஒரு சம்பவத்தை மூன்று பரம்பரைகள் மூன்று விதமாகப் போற்றி வந்திருக்கின்றன. சைவப் பரம்பரையில் திருஞானசம்பந்தர் இத்தலத்துப் பதிகத்தில் வஞ்சகத்தால் உயிர் கொண்டவளைக் குறிப்பிட்டார். இதே தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் நாட்டுச் சிறப்பைச் சொல்லும்போது, பழையனூரார் தம் உயிரையும் தாம் சொன்ன சொல்லையும் ஒரு துலாக்கோலில் நிறுத்திப் பார்த்துச் சொல்லையே காத்தனர் என்ற கருத்தை ஒரே செய்யுளில் அடக்கினார். சமணப் பரம்பரையில் நீலகேசி என்னும் நூல், அந்தப் பேயையே முனிவர் ஒருவரின் உபதேசத்தால் திருத்தி, பிற சமயத்தாரோடு வாதம் புரியும் ஞானப் பெண்ணாக்கிற்று. நாட்டார் பரம்பரையோ, கணவன் கையால் கொலையுண்ட ஒரு பெண்ணின் ஆறாத வஞ்சமாக அதனைப் பாடிற்று. அந்த முதற் கொலையை விசாரிக்க எந்தச் சபையும் கூடவில்லை என்பதை நாட்டார் கதை நமக்கு நினைவூட்டாமலிருந்தால், எழுபதின்மரின் புகழில் நாம் அந்தப் பெண்ணின் வழக்கை அடியோடு மறந்திருப்போம்.

சேக்கிழார் கையிலெடுத்த துலாக்கோலையே அளவுகோலாகக் கொண்டு நம் காவியங்களைப் பார்த்தால், அநீதியின் முன் நின்ற பாத்திரங்களை மூன்று நெறியாகப் பிரிக்கலாம்: தன்னைத் தானே தண்டித்துக்கொண்டவர்கள், சபையில் எழுந்து கேட்டவர்கள், பங்கு வேண்டாமென்று விலகியவர்கள். மூன்றுக்கும் பொதுவான பரீட்சை ஒன்றே. நியாயத்தின் விலையை அவர் தாமே கொடுத்தாரா, பிறர் தலையில் கட்டினாரா?

முதல் நெறியின் தலைமகன் சிலப்பதிகாரத்துப் பாண்டியன். பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்தவன், கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த கணத்திலேயே, கள்வன் தானே என்று தனக்குத் தானே தீர்ப்புக் கூறி அரியணையிலிருந்து சாய்ந்து மாண்டான். பொற்கொல்லனைப் பிடித்து வரச் சொல்லி அவகாசம் கேட்கவில்லை. காவலர்மேல் பழி போடவுமில்லை. அதே காவியத்தில் வரும் பொற்கைப் பாண்டியன் கதையும் இவ்வினத்தது: இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி அங்குள்ளோர் மனத்தில் ஐயத்தை விளைத்துவிட்ட குற்றத்திற்காக, மறுநாள் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவன் அவன். திருவாரூரில் கன்றைத் தேர்க்காலில் மாய்த்த மகனை அதே விதத்தில் தண்டித்த மனுநீதிச் சோழனை எல்லோரும் பாடுகிறோம். ஆனால் இளவரசன்மேல் தேரைச் செலுத்தும்படி ஏவப்பட்ட அமைச்சன், அந்தக் காரியத்தைச் செய்யமாட்டாமலும் அரசாணையை மீறமாட்டாமலும் தன் உயிரையே விட்டான் என்று சேக்கிழார் சொல்லிச் செல்லும் இடத்தில் நின்று பார்ப்பவர் குறைவு. அரசனின் மனச்சாட்சி நியாயத்தைக் காக்க எழுந்த அதே நாளில், பெயர்கூடச் சொல்லப்படாத ஓர் ஊழியனின் மனச்சாட்சி பலியாயிற்று. அதையும் மறைக்காமல் எழுதிவைத்தது கவியின் நேர்மை.

இரண்டாம் நெறியில் முதலில் நினைவுக்கு வருபவள் கண்ணகியே எனினும், நான் இங்கே மணிமேகலையின் ஆபுத்திரனைச் சொல்ல விரும்புகிறேன். வேள்விச் சாலையில் கட்டப்பட்டிருந்த பசுவின் கண்களைப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு போன அந்தப் பையன், பிடிபட்டு அடிபட்டபோதும் தன் செயலுக்காக வருந்தவில்லை. வேதம் வல்லார் முன்னிலையில் எதிர்வழக்காடினான். பிறப்பைச் சொல்லி இகழ்ந்து வளர்த்தவரே வெளியே தள்ளினர். அவன் பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டனர். அப்படிப்பட்டவன் மதுரைக்குச் சென்று, தான் பிச்சையெடுத்ததைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டான் என்று சாத்தனார் முடிப்பதில், கல்லிட்டவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

இந்த நெறியின் பெரிய சோதனைக்களம் அஸ்தினாபுரத்துச் சபையாகும். அதனை ஏட்டில் படிப்பதைவிட, நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடந்து, இரவில் பகடைத் துகில் கூத்து ஆடும்போது பார்ப்பதே உத்தமம். விடியலை நெருங்கும் நேரத்தில், பாஞ்சாலியின் சேலையைப் பற்ற வேண்டிய கட்டம் வந்ததும், அதுவரை துள்ளிக் குதித்து ஆர்ப்பாட்டம் செய்த துச்சாதன வேஷக்காரர் சட்டென்று நின்றுவிடுவார், மிருதங்கமும் ஓயும், கற்பூரம் ஏற்றி, பெண் வேஷத்தில் நிற்கும் சக நடிகரை அம்மனாகவே பாவித்துக் கும்பிட்டு, செய்யப் போகும் பாவத்திற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே முந்தானையில் கை வைப்பார். சபையிலிருந்த பீஷ்மருக்கும் துரோணருக்கும் வராத கூச்சம், அரிதாரம் பூசிய ஓர் உழவருக்கு வருகிறது. நாட்டுப்புறத்தார் காவியத்திற்கு எழுதிய உரை அது.

அந்தச் சபையில் கௌரவர் நூற்றுவருள் எழுந்து பேசியவன் துரியோதனனின் தம்பி விகர்ணன் ஒருவனே. வில்லிபுத்தூராழ்வார் பாரதத்திலும், முதற்பாகம் 1912-இல் வெளிவந்த பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலும், தன்னைத் தோற்ற பின் மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்ற வினாவின் பக்கம் அவன் நிற்கிறான். சாஸ்திரத்தைக் காட்டித் தன் கையாலாகாமையை மூடிக்கொள்ளும் பீஷ்மரையும், வீதியில் நின்று வெறுமனே புலம்பிய ஊராரையும் பாரதியார் பொறுக்கவில்லை. உயிரற்ற மரங்களாகவே அவ்வூராரை மதித்தார். ஆயினும் நம் துலாக்கோல் விகர்ணனையும் விடாது. பேசியவன் பிறகு அதே அண்ணனுக்காகப் போர்க்களம் புகுந்து மடிந்தான். அந்த நூற்றுவருக்கு மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரனான யுயுத்சுவோ பாண்டவர் பக்கம் சென்றான். சொல்லோடு நின்ற மனச்சாட்சிக்கும் செயலாகிய மனச்சாட்சிக்கும் உள்ள தூரத்தைப் பாரதம் இந்த இரு சகோதரர்களைக் கொண்டே அளந்து வைத்திருக்கிறது.

மூன்றாம் நெறியில் கம்பன் காட்டும் விபீஷணன், கும்பகர்ணன் வழக்கு நம் பட்டிமண்டபங்களில் பழையது. 1939-இல் காரைக்குடியில் கம்பன் திருநாள் தொடங்கிய காலந்தொட்டுக் கம்பன் விழாக்களில் இது போன்ற வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. பிறன் மனை கவர்ந்தது பிழை என்று இருவருமே மந்திராலோசனையில் அண்ணனிடம் எடுத்துரைத்தவர்கள். ஒருவன் விலகினான், மற்றவன் உண்ட சோற்றை நினைத்து நின்று மாண்டான். தம்பியை இராமனிடமே திரும்பிப் போகச் சொல்லித் தான் சாகப் போகும் கும்பகர்ணனின் பேச்சைக் கேட்டவர் எவரும் கலங்காமல் இரார். ஆயினும் என் தீர்ப்பு விபீஷணன் பக்கமே. கும்பகர்ணன் தன் உயிரைக் கொடுத்தான், மெய்தான். ஆனால் அவன் போரிட்டதனால் மாண்ட வானர சேனையின் உயிர்கள் அவன் சொத்தல்ல. செஞ்சோற்றுக் கடனைப் பிறர் உயிரால் தீர்ப்பது கடன் தீர்ப்பதாகாது.

விலகலுக்குக் கவிதையில் பரதனைப் போல் வேறொருவர் இல்லை. ஆனால் செப்பேட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் இந்த வட்டாரத்திலேயே. முதலாம் இராசேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு ஈசனுக்குத் தானம் செய்ததைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், அவன் தந்தை அருண்மொழிவர்மனைக் குடிமக்கள் அரசேற்கும்படி வேண்டியபோது, தன் சிற்றப்பனுக்கு அவ்வாசை இருக்கும் வரையில் அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று பதிவு செய்கின்றன. அரசவைக் கவியின் புகழுரையில் உபசாரம் கலந்திருக்கலாம். எனினும் ஒரு சக்கரவர்த்தியின் பெருமையாக அவர் எடுத்துரைக்கத் தேர்ந்தது, அவன் வென்ற நாடுகளோடு, அவன் வேண்டாமென்ற அரியணையும் ஆகும். அக்காலத்துச் சமூகத்தின் தராதரம் அதில் தெரிகிறது.

நவீன இலக்கியத்திற்கு வரும்போது சபை மறைந்து, நெஞ்சம் தனித்து நிற்கிறது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய சாப விமோசனத்தில், கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, தன்னை மீட்டவனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்ட மாத்திரத்தில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அவள் எவரையும் சபிக்கவில்லை; வழக்காடவில்லை. தனக்குக் கிட்டிய நியாயம் இன்னொருத்திக்கு மறுக்கப்படுமானால் அந்த நியாயத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்பதே அவளுடைய மௌனத்தின் பொருள். மூன்று நெறிகளும் அந்த ஒரு கணத்தில் ஒன்றாகக் கூடுகின்றன.

மேற்சொன்னவர்களில் பெரும்பாலோர் தனியாள்கள். ஒரு சபை முழுவதுமே தன் தீர்ப்பின் பழியைத் தானே ஏற்றது என்பது பழையனூரின் தனி விசேஷம். அஸ்தினாபுரத்தில் கூட்டத்தின் நடுவே அவரவர் நெஞ்சம் ஒளிந்துகொண்டது. பழையனூரில் எழுபதில் ஒருவர்கூட மற்ற அறுபத்தொன்பது பேருக்குப் பின்னால் ஒளியவில்லை. இன்றைக்கு எவரும் தீயில் இறங்க வேண்டியதில்லை. அது அக்காலத்துப் பிராயச்சித்தம். ஆலையில் சோதனைச் சான்றிதழில் கையெழுத்திடுபவரும், ஊர்க் கூட்டத்தில் கையைத் தூக்குபவரும், தம் கையெழுத்தால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததென்று தெரிந்த அன்று, "குழுவின் முடிவு" என்று சொல்லித் தப்பாமல், "என் முடிவு" என்று சொன்னால் அதுவே போதும்.

இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திருவாலங்காட்டில் இரத்தின சபையைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, பழையனூர்ச் சாலையில் அந்த மண்டபத்தருகே பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். பேய்க் கதையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்; அது தானாகவே அவர்களுக்குத் தெரிந்துவிடும். சுவரிலுள்ள உருவங்களைக் காட்டி, இவர்கள் தவறு செய்தவர்கள், தவற்றைத் தங்களுடையதென்று ஒப்புக்கொண்டவர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.